நான் நடித்த விவரணப்படம்

பாரிஸ் பட்டினம் என் முகத்தைப் பார்த்தே ஆகவேண்டும் என்று தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வீட்டு வாசலுக்கு வந்த கையோடு, நான் முடிவு கட்டினேன்.

நான் முடிவு கட்டினால் கட்டினதுதான். கொய்யாத்தோட்டத்தில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். நீக்கிலாப்பிள்ளை ஒரு விலை சொன்னால் அவனை அசைக்கப் பாரந்தூக்கி வேண்டும் என்பார்கள். என் மனைவி மார்கிரட்டிடம் மட்டும் கேட்காதீர்கள். அவள் சிரிப்பாள். அவள் சிரித்தால் எனக்குக் கோபம் வரும். கோபம் வந்தால் நான் மனிதனில்லை. பிறகு அதற்கும் அவள் சிரிப்பாள்.

பத்து வயதில் குருநகர்க் கரையில் மீன்கூடை சுமந்தவன் நான். பள்ளிக்கூடம் போன நாட்களை விடப் பள்ளிக்கூடத்து மதிலேறிக் குதித்த நாட்கள் அதிகம். எனக்கு எழுத்துச் சொல்லித் தந்தவர் வாத்தியார். மற்ற எல்லாவற்றையும் சொல்லித் தந்தவர்கள் என்னை ஏமாற்றினவர்கள். அவர்களுடைய தயவால் இன்றைக்கு நான் பழைய சாமான் வியாபாரி. பழைய கதவை வாங்கிப் புதுக் கதவென்று விற்பேன். புதுக் கதவை வாங்கிப் பழங்காலத்துக் கதவென்று அதைவிடக் கூடவாக விற்பேன்.

சரி, பாரிசுக்கு வருகிறேன்.

அன்றைக்குப் பூசை முடிந்து வந்தால் வாசலில் லியோன் நிற்கிறான். லியோன் கலியாண வீட்டு வீடியோக்காரன். ஒருமுறை ஒரு கலியாணத்தைத் தொடக்கம் முதல் முடிவு வரை எடுத்தான். மாப்பிள்ளை மட்டும் படத்தில் இல்லை. "மாப்பிள்ளை வடிவில்லை அண்ணை" என்று சொல்லிவிட்டான். அப்படிப்பட்ட கலைஞன். கரண்ட் இல்லாத ஊரில் கார் பற்றறி ஒன்றைச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு திரிந்து படம் எடுக்கிறவன்.

"அண்ணை, அக்கா நிக்கிறாவோ?" என்றான்.

"அக்கா ஏன்? நான் நிக்கிறன். கதை."

விஷயம் இதுதான். மார்கிரட்டின் தமையன் மகன் அடைக்கலநாதன் பாரிசில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவுகிறான். கோப்பை கழுவாத நேரத்தில் அங்கே ஒரு சங்கத்தில் செயலாளர். அந்தச் சங்கம் ஊரில் கைத்தொழில் செய்கிற ஆட்களைச் சின்னச் சின்ன விவரணப்படமாக எடுத்து அங்கே போட்டுக் காட்டப்போகிறதாம். வெள்ளைக்காரரும் வருவார்களாம்.

"கோப்பாயிலை பாய் இழைக்கிற ஒரு அம்மாவை எடுத்திட்டன்," என்றான் லியோன். "உடுப்பிட்டியிலை மாட்டுவண்டிச் சில்லுச் செய்யிற ஒருத்தரை எடுத்திட்டன். இனி மார்கிரட் அக்கான்ரை முதல்நன்மைச் சட்டை. அடைக்கலநாதன் பேர் சொல்லிக் கேட்டவன்."

"என்ரை பேர்?"

"சுகம் விசாரிக்கச் சொன்னவன்."

எனக்கு மண்டையில் ஏறியது. அடைக்கலநாதன் வெளிநாடு போனபோது அவனுடைய பயணப் பெட்டியை வாங்கிக் கொடுத்தவன் நான். அதில் பூட்டு இல்லைத்தான். அதற்காக?

ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கி முதல்நன்மை எடுக்கிற பெண் பிள்ளைகளுக்கு மார்கிரட் தைக்கிற வெள்ளைச் சட்டைக்குப் பாசையூரிலிருந்தும் ஆட்கள் வருவார்கள். எவ்வளவு குழப்படிக்காரியும் அந்தச் சட்டைக்குள் புகுந்தால் ஐந்து நிமிடத்துக்குச் சிறகில்லாத சம்மனசு. ஆனால் அவள் தைக்கிற இடம் குசினிக்குப் பக்கத்து ஒடுங்கிய நடை. விறகடுப்புப் புகை நேரே அங்கேதான் வரும். வெள்ளைச் சட்டையில் கரி பிடிக்கும். கழுவச் சவர்க்காரம் இல்லை.

அந்த நாளில், யுத்தத் தடையில் கிடந்த யாழ்ப்பாணத்தில், சவர்க்காரம் என்பது சாமானில்லை, நினைவு. சனம் பனம்பழக் களியில் உடுப்புத் தோய்த்தது. உடுத்துக்கொண்டு றோட்டில் போனால் மாடுகள் மோந்துகொண்டு பின்னால் வந்தன. எங்கள் அயலட்டைச் சூசைதாசன் ஒருநாள் சந்தையில் கதைத்துக்கொண்டு நிற்க, ஒரு பசு அவருடைய சட்டையின் பின்பக்கத்தை ஆறுதலாகச் சாப்பிட்டு முடித்தது.

வீட்டின் முன் விறாந்தையில் புகையே வராது. நல்ல வெளிச்சம். அங்கே நான் இருந்தேன். நானும் என் சாமான்களும். வீடில்லாத ஏழு கதவுகள், என் தகப்பன் காலத்தில் கடைசியாகக் கடலைக் கண்ட ஒரு வள்ள எஞ்சின், பல்லு டொக்டர் ஒருவர் விட்டுப் போன சாயுங்கதிரை. கலியாணம் கட்டின நாள் தொட்டு மார்கிரட் அந்த விறாந்தையைக் கேட்டாள். நான் மறுத்தேன். அது என் கோட்டை.

ஆனால் அந்த வருடம் முழுக்க அவள் விறாந்தையைப் பற்றி வாய் திறக்கவில்லை. குசினிக்குப் புதுக் கூரை வேண்டும், குசினிக்குப் புதுக் கூரை வேண்டும் என்று அதையே பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் விறாந்தையை மறந்துவிட்டாள் என்று நான் சந்தோசப்பட்டேன். வாசகரே, இந்த இடத்தில் எனக்கு ஒரு அடி போட உங்களுக்கு உரிமை உண்டு.

லியோன் வாசலில் நிற்க, நான் சொன்னேன்: "தையலை ஆர் பாப்பினம்? ஊசி ஏறும், இறங்கும், அவ்வளவுதான். என்னை எடு."

"நீங்கள் என்ன கைத்தொழில் செய்யிறியள் அண்ணை?"

"பாய்க்காரி ஓலையிலை பாய் செய்யிறா. வண்டில்காரன் மரத்திலை சில்லுச் செய்யிறான். நான் வெறுங்காத்திலை விலை செய்யிறன். ஆர் பெரிய கலைஞன்?"

லியோன் யோசித்தான். நான் எதிர்பார்த்த சண்டை குசினிப் பக்கமிருந்து வரவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு மார்கிரட் வந்தாள்.

"அவர் சொல்லுறது சரி தம்பி. அவரை எடுங்கோ. அவருக்குத்தான் வாய் இருக்கு. கேள்வி கேக்க ஆள் வேணுமெண்டா நான் கேக்கிறன்."

"பாத்தியோ!" என்றேன் லியோனிடம். "என்ரை மனிசிக்கே விளங்குது."

லியோன் அவளைப் பார்த்தான். அவள் லியோனைப் பார்த்தாள். நான் என் மீசையை எஞ்சின் மூடியில் பார்த்தேன்.

"நாளைக்கு விடிய வாறன்," என்றான் லியோன். "பற்றறி ஒரு பூசை நேரத்துக்குத்தான் காணும். வளவளவெண்டு கதைக்கேலாது."

அடுத்த நாள் விடிய, கலியாணத்துக்குத் தைத்த சட்டையைப் போட்டேன். அது என்னில் ஏறியது, பொத்தான்கள் ஏறவில்லை. மார்கிரட் முதுகுப் பக்கத்தைக் கத்தரித்துவிட்டாள். "கமரா முன்னாலைதானே நிக்குது," என்றாள். மனிசியென்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும் என்று கண் கலங்கினேன்.

வேலியோரம் சூசைதாசனும் அவர் பெண்சாதி லூர்த்தம்மாவும், அவர்களுக்குப் பின்னால் எங்கள் ஒழுங்கைத் தெருச் சனத்தில் பாதியும் வந்து நின்றது. லியோன் கமராவை மூன்று காலில் நிறுத்தி, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு, "சரி அண்ணை" என்றான். மார்கிரட் கமராவுக்குப் பின்னால் மர வாங்கில் குந்தி இருந்து, வானொலிக்காரி மாதிரிக் குரலை மாற்றிக் கேட்டாள்.

"ஐயா, உங்கடை கலையின்ரை ரகசியம் என்ன?"

'ஐயா' என்றாள்! இந்த வீட்டில் இப்படியொரு சொல் இருக்கிறதே எனக்குத் தெரியாது. ரகசியமெல்லாம் ஊற்றுப் போலப் பாய்ந்தது.

"அம்மா, வேணுமெண்ட சாமானை ஒருநாளும் பாக்கக்கூடாது. அதுக்குப் பக்கத்திலை கிடக்கிறதைப் பாக்கவேணும். அதைத்தான் கேக்கவேணும். சரியா?"

"சரி ஐயா. பேந்து?"

"விலை படியேல்லையெண்டா எழும்பிப் போகவேணும். ஆனா குடையை விட்டிட்டுப் போகவேணும். குடை எடுக்கத் திரும்பி வாறவன் மாதிரி வந்தா மானம் போகாது."

"பெரிய மூளை ஐயா உங்களுக்கு."

வேலியோரம் சிரிப்புக் கேட்டது. நான் கணக்கெடுக்கவில்லை.

"எல்லாத்திலும் பெரிசு இதுதான். எதிராளிக்குக் கோவத்தைக் கிளப்பவேணும். கோவம் வந்தவன் சாமானை மறந்துபோடுவான். விலையைப் பிடிச்சுக்கொண்டு நிப்பான். விலையிலை அவனை வெல்ல விட்டிட்டு, சாமானைத் தூக்கிக்கொண்டு வந்திடலாம்."

"உங்களுக்கு ஆரும் அப்பிடிக் கோவம் கிளப்பினதில்லையோ ஐயா?"

"எனக்கோ! இன்னும் ஒருத்தன் பிறக்கேல்லை."

"மற்றது, விடிய முதல் வியாபாரம் எண்டு சொல்லுவினமே, அதைப் பற்றி?"

இந்தக் கேள்வி எனக்கு மிகவும் பிடித்தது. எழும்பி நின்றேன். "விடிய முதல் வாற ஆளை வெறுங்கையோடை அனுப்பினா அண்டைக்கு முழுக்கத் தரித்திரம். கேட்ட சாமானுக்கு ஒரு விலை சொல்லியே ஆகவேணும். 'இல்லை' எண்ட சொல்லு வாயிலை வரக்கூடாது. விலை படிஞ்சு, வாங்கினதைக் கண்ணிலை ஒத்திச் சிலுவை போட்டா, அது முடிஞ்ச வியாபாரம். அதைத் திருப்பினவன் ஒருத்தனும் உருப்பட்டதில்லை. குருநகரிலை திருப்பின ஒருத்தன்ரை வள்ளம் அண்டைக்கே, கடலுக்குப் போகாமல், கரையிலையே மூழ்கித் தாண்டது."

"கரையிலையோ?" என்றார் சூசைதாசன் வேலியிலிருந்து.

"கரையிலைதான் காணும்! மழைத் தண்ணியிலை!"

லியோன் கையைக் காட்டினான். "அண்ணை, கதை காணும். இனித் தொழிலைக் காட்டவேணும். விவரணப்படமெண்டா வேலை செய்யேக்கை எடுக்கவேணும். வாங்கிற ஆள் ஒருத்தரைக் கூப்பிடுங்கோ."

நான் வேலியைப் பார்த்தேன். "சூசைதாசன், வாரும். வழக்கமாக் கேக்கிற கதவைக் கேளும்."

"சவரம் எடுக்கேல்லை நீக்கிலார். பாரிஸ்காரர் பயந்திடுவினம்."

"லூர்த்தம்மா அக்கா?"

"என்ரை சீலையைப் பாருங்கோ. பனங்காய் மஞ்சள். சவர்க்காரம் இருந்தா வந்திருப்பன்."

இந்த இடத்தில் என் பார்வை கொஞ்சம் நிலத்தில் விழுந்தது. காரணம் உங்களுக்கு மட்டும் சொல்கிறேன். என்னிடம் ஒரு பெட்டி சவர்க்காரம் இருந்தது. முழுப் பெட்டி. உடைக்காதது. ஒரு பழைய வலையிழுக்கும் யந்திரத்துக்கு மாறினது. பிளேன் குண்டுக்கு ஒளிக்க முற்றத்தில் வெட்டின பங்கருக்குள், மண்மூட்டைக்குப் பின்னால் வைத்திருந்தேன். மார்கிரட் பங்கருக்குள் வரமாட்டாள். குண்டுக்கு இல்லாத பயம் அவளுக்குத் தேரைக்கு. பிளேன் வந்தால் மாதா படத்துக்குக் கீழே இருந்து செபமாலை சொல்லுவாள்; நான் பங்கருக்குள் இருந்து பெட்டியைத் தடவுவேன். விலை இன்னும் ஏறட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். போன கிழமை லூர்த்தம்மா ஒரே ஒரு கட்டி கேட்டு வந்தபோது, "அந்தோனியாராணை இல்லை அக்கா. இருந்தா ஒழுங்கைக்கே ஆளுக்கொண்டு சும்மா தந்திருப்பன்" என்று நெஞ்சில் கைவைத்துச் சொன்னவன்.

"பற்றறி போகுது அண்ணை!" லியோன் கத்தினான்.

"ஒருத்தருமில்லாட்டி நான் வாறன்," என்றாள் மார்கிரட். "சும்மா நடிப்புத்தானே."

அவள் குடையை எடுத்துக்கொண்டு படலைக்கு வெளியே போனாள். படலையைத் தட்டிவிட்டு, என்னை இதற்கு முன் கண்டே இராதவள் மாதிரி உள்ளே வந்தாள். லியோன் கமராவைத் திருப்பினான். நான் தொப்பையை உள்ளே இழுத்தேன்.

"வணக்கம் ஐயா. உந்தக் கதிரை என்ன விலை?"

"இது சும்மா கதிரை இல்லை அம்மா. பல்லு டொக்டர் வைச்சிருந்தது. பெரிய பெரிய ஆக்கள் இருந்தவை."

"இருந்தவை ஒருத்தரும் சிரிச்சிருக்கமாட்டினம். வேண்டாம். கதவு?"

"முதிரை. இடிச்சாலும் உடையாது."

"வீடு இல்லையே ஐயா, இடிக்க. நான் வாறன்."

போய்விட்டாள். வேலி சிரித்தது. எனக்குக் கன்னம் சூடேறியது. கதிரைக் கைபிடியில் அவளுடைய குடை தொங்கியது. அதைக் கண்டேன். கண்டும் விளங்கவில்லை. என் மூளை அந்த நேரம் கமராவுக்குப் பல்லுக் காட்டிக்கொண்டிருந்தது.

படலையிலிருந்து திரும்பி வந்தாள். "குடையை விட்டிட்டன் ஐயா." குடையை எடுத்தாள். குனிந்து நிலத்தைப் பார்த்தாள். "வந்ததுக்குக் கேக்கிறன். உது என்ன விலை?"

"எது?"

"நீங்கள் நிக்கிற விறாந்தை."

ஒழுங்கையே குலுங்கிச் சிரித்தது. "விறாந்தை விக்கி..." என்று தொடங்கினேன்.

"முதல் வியாபாரம் அண்ணை!" என்றான் லியோன். "இல்லையெண்டு சொல்லாதேங்கோ!"

"தாழப்போறீர் காணும்!" என்றார் சூசைதாசன்.

"நடிப்புத்தானே," என்று மார்கிரட் எனக்கு மட்டும் கேட்கச் சொன்னாள்.

நான் விட்டுக் கொடுக்கிற ஆளா? யாழ்ப்பாணம் முழுக்கத் தேடினாலும் யாரிடமும் இல்லாத ஒரு விலையைச் சொல்லி வாயை அடைப்பதென்று நினைத்தேன்.

"ஒரு பெட்டி சவர்க்காரம்! முழுப் பெட்டி! உடைக்காதது!"

வேலியோரம் ஒரு பெருமூச்சு எழும்பியது. சிலர் சிலுவை போட்டார்கள்.

மார்கிரட் விறாந்தையைச் சுற்றிப் பார்த்தாள். மூக்கைச் சுளித்தாள். "அரைக் கட்டி."

"என்ன?"

"பாவிச்ச அரைக் கட்டி. நடுவிலை மயிர் ஒட்டினது."

"என்ரை விறாந்தைக்கோ! என்ரை விறாந்தைக்கு அரைக் கட்டியோ!"

"ஒழுகும் போலை கிடக்கு."

"ஆர் சொன்னது? போன மாரிக்கு ஒரு துளி விழேல்லை!"

"இருட்டு."

"இருட்டோ! விசர்க் கதை கதையாதை! கிழக்கை பாத்த விறாந்தை! விடிய வெயில் நேரை விழும்! ஊசியிலை நூல் கோக்க விளக்குத் தேவையில்லை!"

"கரி பிடிக்கும்."

"குசினி எங்கை, இது எங்கை? புகை எட்டிப் பாக்காது! வெள்ளைச் சீலையைப் பத்து வரியம் விரிச்சு வைச்சாலும் வெள்ளையாத்தான் கிடக்கும்! முதல்நன்மைப் பிள்ளையளை நிரையா நிப்பாட்டிப் பாக்கலாம்! இதிலை இருந்து தைக்கக் குடுத்து வைச்சிருக்கவேணும்!"

"சரி, ஒரு கட்டி."

"முழுப் பெட்டி!"

"அரைப் பெட்டி. சந்தையிலை ஆரும் இதுக்கு மேலை தரமாட்டினம்."

"ஆருக்குச் சந்தை காட்டுறாய்? நான் சந்தையிலை பிறந்தவன்! முழுப் பெட்டி! ஒரு கட்டி குறைஞ்சாலும் நான் நீக்கிலாப்பிள்ளை இல்லை!"

என் சட்டையின் முதுகுப் பக்கம் இரண்டு சிறகாகப் பிரிந்து அடித்தது. மார்கிரட் தலையைக் குனிந்தாள். தோற்ற மனிசியின் முகம்.

"உங்களை வெல்லேலாது ஐயா. முழுப் பெட்டி."

வேலி கை தட்டியது. நான் வென்றேன்! அரைக் கட்டியிலிருந்து முழுப் பெட்டிக்கு! என் வாழ்நாளில் இப்படி ஒரு விலை ஏற்றினதில்லை. கமராவுக்கு நேரே கையை உயர்த்திக் காட்டினேன். மார்கிரட் வீட்டின் பின்பக்கமாகப் போய் ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து என் கையில் வைத்தாள். வென்ற வேகத்தில் கண்ணில் ஒத்தினேன். சிலுவை போட்டேன்.

பெட்டிக்கு மேலிருந்து ஒரு தேரை குதித்தது.

அந்தத் தேரையை எனக்குத் தெரியும். பிளேன் வந்த நாட்களில் பங்கருக்குள் நானும் அதுவும் எத்தனையோ மணித்தியாலம் முகத்தை முகம் பார்த்துக்கொண்டு இருந்தவர்கள். பெட்டியின் மூலையில் என் கைப்பட எழுதின அடையாளமும் இருந்தது.

"எடியே, இது..." என்றேன்.

"எது ஐயா?" என்றாள் மார்கிரட், வேலிக்குக் கேட்கிற குரலில். "என்ன அப்பிடிப் பாக்கிறியள்? உங்கடை பெட்டி மாதிரி இருக்கோ?"

வாயைத் திறந்தேன். லூர்த்தம்மா வேலியில் கழுத்தை நீட்டினாள். என் பெட்டி என்று சொன்னால் அந்தோனியார் தலையில் பொய்ச்சத்தியம் செய்தவன். என் பெட்டி இல்லை என்று சொன்னால் விறாந்தை போச்சு. தேரை என்னைப் பார்த்தது. நான் தேரையைப் பார்த்தேன். அதுவும் எனக்காகச் சாட்சி சொல்கிற நோக்கத்தில் இல்லை.

"எனக்கு... எனக்கு எங்காலை சவர்க்காரம்?" என்றேன்.

"இப்ப இருக்கே!" என்று கத்தினாள் லூர்த்தம்மா. "இருந்தா ஒழுங்கைக்கே ஆளுக்கொண்டு சும்மா தருவன் எண்டு அந்தோனியாராணைச் சொன்னனீங்கள்! பிள்ளையள், வாருங்கோ!"

வேலியில் ஆள் புகுகிற அளவுக்கு ஒரு பொட்டு எப்போது வந்ததென்று தெரியாது. கண் மூடித் திறக்க முன் ஒழுங்கை முழுவதும் என் முற்றத்தில் நிரையாக நின்றது. ஆளுக்கொன்று கொடுத்தேன். "நீக்கிலார் மாதிரி மனிசன் இல்லை," என்று ஒவ்வொருவரும் சொன்னார்கள். ஒவ்வொரு முறையும் எனக்கு நெஞ்சில் இடித்தது. கடைசியில் என் கையில் வெறும் பெட்டி மிஞ்சியது. அதையும் சூசைதாசன் கோழி அடைக்கக் கேட்டு வாங்கிப் போனார்.

"ஐயா," என்றாள் மார்கிரட், "நான் வாங்கின விறாந்தையிலை உங்கடை சாமான் கிடக்கு. எப்ப எடுப்பியள்?"

"எனக்கு ஒரு கிழமை..."

"திருப்பினவன்ரை வள்ளம் கரையிலையே தாண்டதாம்," என்றாள் யோசனையாக.

எடுத்தேன். ஒவ்வொரு கதவாகத் தலையில் தூக்கி முருங்கைக்குக் கீழே கொண்டுபோய் வைத்தேன். எஞ்சினை உருட்டினேன். பல்லுக் கதிரையைக் கட்டிப் பிடித்துத் தூக்கினபோதுதான் அதில் இருந்தவர்கள் ஏன் அழுதார்கள் என்று விளங்கியது. அதற்குள் மார்கிரட் தையல் மெஷினை விறாந்தையில் வைத்து, வெள்ளைத் துணியை விரித்து, காலை வெயிலில் தைக்கத் தொடங்கியிருந்தாள். லியோன் அப்போதும் கமராவோடு நின்றான்.

எனக்கு ஒரு ஆறுதல் இருந்தது. விறாந்தை போனாலும் பாரிஸ் இருக்கிறது. என் ரகசியங்கள், என் பேரம், என் வெற்றி எல்லாம் வீடியோக் கசற்றுக்குள் இருக்கிறது. அடைக்கலநாதன் பார்க்கட்டும். வெள்ளைக்காரர் பார்க்கட்டும்.

கசற் கொழும்புக்குப் போகிற ஒருவரோடு பாரிசுக்குப் பயணப்பட முன், கோயில் மண்டபத்தில் ஜெனரேற்றர் போட்டு ஊருக்குக் காட்டினார்கள். நான் முன் வாங்கில் இருந்தேன். பாய் வந்தது. சில்லு வந்தது. பிறகு வெள்ளை எழுத்தில்: 'மார்கிரட்டின் முதல்நன்மைச் சட்டை.'

எனக்குக் காது அடைத்தது. படம் முழுக்க மார்கிரட். அவள் கை, ஊசி, வெயில், வெள்ளைத் துணி. உண்மையைச் சொன்னால் வடிவாகத்தான் இருந்தது. அவளுக்குப் பின்னால், தலைக்கு மேல் கதவை வைத்துக்கொண்டு, முதுகு கிழிந்த சட்டையோடு ஒரு மனிதன் இடமிருந்து வலமாகப் போனான். வெறுங்கையோடு திரும்பும்போது மார்கிரட் வெள்ளைச் சட்டையை உதறிப் பிடித்தாள். ஆள் அதற்குப் பின்னால் மறைந்து போனான். பிறகு அடுத்த கதவு. பிறகு அடுத்தது. மண்டபம் வயிற்றைப் பிடித்துக்கொண்டது. கடைசியில் பல்லுக் கதிரைக்குக் கீழே இரண்டு கால்கள் மட்டும் நடந்து போயின. முகம்? ஒரு இடத்திலும் முகமில்லை.

லியோனை மண்டப வாசலில் பிடித்தேன். "எங்கையடா என்ரை பேட்டி? எங்கை என்ரை பேரம்?"

"கமரா ஓடேல்லை அண்ணை. பற்றறி ஒரு பூசை நேரத்துக்குத்தான் காணும். உங்கடை பிரசங்கத்துக்குக் குடுத்தா தையலுக்கு மிஞ்சாதெண்டு அக்கா முதல் நாளே சொன்னவ."

வீடு வந்து துள்ளினேன். "வியாபாரம் செல்லாது! கமரா ஓடேல்லை!"

மார்கிரட் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே சொன்னாள்: "சிலுவை போட்டனீங்களே. அங்கை மேலை இருக்கிறவருக்கும் பற்றறி இறங்கிப்போச்சோ?"

"பெட்டி அங்கை கிடக்கிறது உனக்கு எப்பிடித் தெரியும்?"

"பிளேன் வந்தா எல்லாரும் அழுதுகொண்டு பங்கருக்கை போவினம். நீங்கள் மட்டும் சிரிச்சுக்கொண்டு போய் வாசமா வருவியள்."

"தேரை?"

"தேரையை விடக் கரி பொல்லாதது," என்றாள்.

இரண்டு மாதத்தில் பாரிசிலிருந்து குரல் கசற் வந்தது. அடைக்கலநாதன் கதைத்தான்: "மாமி, படம் எல்லாருக்கும் நல்லாப் பிடிச்சுது. பின்னாலை கதவு சுமக்கிற அந்த ஏழை மனிசனுக்கு மாமா நேரத்துக்குச் சாப்பாடு குடுக்கிறவரோ எண்டு ஒரு வெள்ளைக்காரி கேட்டு அழுதவ."

முருங்கைக்குக் கீழே வியாபாரம் நடக்கவில்லை. மயிர்க்கொட்டிப் புழு விழுந்தது. வந்த ஆட்கள் கதவை விட்டுவிட்டுக் கழுத்தைச் சொறிந்துகொண்டு ஓடினார்கள். விறாந்தையில் ஒரு மூலை போதும், ஒரு சின்ன மூலை, வாடகைக்கென்றாலும் என்று மார்கிரட்டிடம் கேட்டேன். "இப்ப ஏலாது, தையல் கனக்க," என்றாள். எனக்குப் பொறி தட்டியது. இப்போது அவளும் வியாபாரி! விடிய முதல் வருகிற ஆளுக்கு அவளும் 'இல்லை' என்று சொல்ல முடியாது!

அடுத்த நாள் சேவல் கூவ முன்பே எழும்பினேன். முகம் கழுவி, குடையை எடுத்துக்கொண்டு, படலைக்கு வெளியே போய், படலையைத் தட்டி, என் சொந்த விறாந்தைக்கு முதல் ஆளாக வந்தேன்.

எனக்கு முன்னால், இருட்டோடு வேலிப் பொட்டால் புகுந்து, படியில் இருந்து பின் வளவு வரை பெண்கள். படம் பார்த்துவிட்டுப் பிள்ளைகளுக்குச் சட்டை தைக்கக் குருநகரிலிருந்தும் வந்திருந்தார்கள். முதல் ஆளாக லூர்த்தம்மா. தையற்கூலி கொடுக்க ஒழுங்கைப் பெண்கள் எல்லார் கையிலும் ஆளுக்கொரு சவர்க்காரக் கட்டி.

மார்கிரட் முதல் கட்டியை வாங்கிக் கண்ணில் ஒத்தி, சிலுவை போட்டு, என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"நிக்கிறதுதான் நிக்கிறியள், இதுகளை ஒருக்காப் பங்கருக்கை கொண்டுபோய் வைச்சிட்டு வாங்கோ. தேரையிட்டை எண்ணிக் குடுங்கோ."